நன்றியுரையில் எழுந்து போனவர்கள்

திண்டுக்கல்லில் வீடியோ எடிட்டிங் செய்யும் ஜெபராஜுக்கு வயது இருபத்தாறு. அவனிடம் பாடம் கேட்கும் நர்ஸ் தெய்வானைக்கு ஐம்பது. ஆனாலும் அவனை வாய் நிறைய 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவாள்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக அவள் வீடியோ போடுகிறாள். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி என்று முதல் வீடியோ. புரட்டியதும் முதுகில் புண் வருகிறதா என்று பார்ப்பது இரண்டாவது. முதலாவதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட இரண்டாவதற்கு வருவதில்லை.

"கடைசியில நான் கும்பிடு போட்டாலே ஓடிடுறாங்க வாத்தியாரே. போன வாரம் ஒருத்தர் அவங்க அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தார். முதுகெல்லாம் புண்ணு. 'உங்க வீடியோவைப் பார்த்துத்தான் புரட்டினேன் சிஸ்டர்'ன்னு என்கிட்டயே சொல்றார். ரெண்டாவதை அவர் பார்க்கவே இல்ல. எப்படி முடிச்சா நிப்பாங்க?"

ஜெபராஜ் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேலை கிடக்குக்கா. நீங்க கிளம்புங்க."

தெய்வானைக்குச் சுருக்கென்றது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் ஒரு காலில் செருப்பை மாட்டினாள்.

"அந்த அப்பா இப்ப எப்படி இருக்கார்?"

உள்ளேயிருந்து அவன்தான் கேட்டான். அவ்வளவுதான், தெய்வானை திரும்பி நின்றுகொண்டாள். புண் ஆறத் தொடங்கியிருப்பதைச் சொன்னாள். கஞ்சி வேண்டாம், இட்லிதான் வேண்டும் என்று பெரியவர் அடம்பிடிப்பதையும் சொன்னாள். மகன் இப்போதெல்லாம் பக்கத்தை விட்டு நகர்வதே இல்லையாம்.

"கிளம்பினவங்க ஏன் நின்னுட்டீங்க?"

"நீங்கதானே அவரை விசாரிச்சீங்க."

அவன் அவளை உள்ளே கூப்பிட்டு, அவளுடைய முதல் வீடியோவின் கடைசிப் பகுதியை ஓடவிட்டான்.

ஆஸ்பத்திரி ஆண்டுவிழாவில் வருஷா வருஷம் நன்றியுரை சொல்பவள் தெய்வானை. நன்றியுரை என்றதும் கூட்டம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாததா? இருந்தும் திரையில், புரட்டிப் படுக்கவைத்த நோயாளியின் கட்டிலருகே கைகூப்பி நின்று பெரிய டாக்டருக்கு நன்றி சொன்னாள். கட்டில் கொடுத்த கடைக்காரருக்கும், படம்பிடித்த நாத்தனார் மகளுக்கும், லைக் போட்ட அத்தனை நல்ல உள்ளங்களுக்கும் சொன்னாள். பார்க்கப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"ஒரு மரியாதைக்குச் சொல்ல வேண்டாமா?" என்றாள் மெதுவாக.

"சொல்லலாம்க்கா. ஊருக்கே சொல்லிட்டீங்க. கட்டில்ல புரட்டிப் போட்ட மனுசன் எப்படி இருக்கார்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்கலையே."