துடுப்பியின் உலர்ந்த வால்

கனடா என்கிற குளிர்நாட்டின் வடக்கே, ஒரு காட்டில் துடுப்பி என்னும் பீவர் வாழ்ந்து வந்தது. பீவரைப் பார்த்திராத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கொழுகொழுவென்ற உடம்பு, உளி போன்ற முன்பற்கள், படகுத் துடுப்பு மாதிரி தட்டையான வால். பல்லால் மரத்தை அறுத்துத் தள்ளி, கட்டைகளை அடுக்கி, சேறு பூசி, ஓடைக்குக் குறுக்கே அணை கட்டுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்த வாலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆபத்து வந்தால் பீவர் தண்ணீரின் மேல் வாலை ஓங்கி அறையும். 'பட்டீர்' என்ற அந்தச் சத்தம் ஓடை முழுக்கக் கேட்கும். கேட்டதும், தண்ணீரில் இருக்கிற எந்த விலங்கும் ஏன் எதற்கு என்று கேட்காமல் கரையேறிவிட வேண்டும். அது அந்தக் காட்டின் வழக்கம்.

ஒரு வசந்த காலத்தில் ஓடையின் மேல்பக்கத்தில் பனி உடைந்து, பாளம் பாளமாக உருண்டு வந்தது. துடுப்பி முதலில் கவனித்து வாலை அறைந்தது. குட்டியோடு நீந்திக்கொண்டிருந்த மூஸ் என்னும் பெரிய மானும், மீன் தேடிக்கொண்டிருந்த நீர்நாயும் கரைக்குப் பாய்ந்தன. அவை இருந்த இடத்தைப் பனிப்பாளங்கள் அரைத்துக்கொண்டு போயின.

மறுநாளே காட்டுச் சபை கூடியது. "துடுப்பிதான் இனி நம் ஆற்றுக் காவலர். ஓடைப் பக்கம் யார் எதைச் செய்வதானாலும் துடுப்பியின் அனுமதி வேண்டும்" என்று எல்லா விலங்குகளும் ஒரே குரலில் சொல்லின. காட்டுத் தலைவரான கரடியாரும் தலையாட்டினார். அப்போது அவருக்கு ஓடைப் பக்கம் எந்த வேலையும் இல்லை.

கோடையில் வேலை வந்தது. ஓடையின் மேல்பக்கத்து மஞ்சள் மேட்டில் கொழுத்த கிழங்குகள் புதைந்திருப்பதைக் கரடிகள் மோப்பம் பிடித்துவிட்டன.

"தோண்டக் கூடாது" என்றது துடுப்பி. "அந்த மண்ணைக் கிளறினால் மஞ்சள் நீர் ஊறும். அது ஓடையில் கலந்தால் மீன் செத்து மிதக்கும். குடித்தால் குட்டிகள் பிழைக்காது."

கரடியார் பெருமூச்சு விட்டார். "உன் கவலை எனக்குப் புரிகிறது, துடுப்பி. என் கவலையையும் கேள். இந்த வருஷம் காட்டில் பழமே இல்லை. வயிறு நிறையாமல் உறங்கப் போகிற கரடி பனிக்காலம் முடிந்து எழுந்திருக்காது. என் கூட்டத்துக் குட்டிகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

கரடியார் சொன்னது பொய்யில்லை.

அந்தச் சமயம் பார்த்து நரி முன்னால் வந்தது. தலைவருக்கு யோசனை சொல்லுவது நரியின் வேலை. அதில் அது கொழுத்துப்போயிருந்தது.

"இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்" என்றது நரி. "கரடிகள் ஒரே ஒரு குழி தோண்டட்டும். மஞ்சள் நீர் வெளியே வராதபடி குழியைச் சுற்றி அணை போடட்டும். காவலர் ஏன் கீழே சேற்றில் கிடந்து கஷ்டப்பட வேண்டும்? மேலே சபைப்பாறையில் தலைவருக்குப் பக்கத்தில் உட்காரட்டும். அங்கே சொன்னால்தான் சொல்லுக்கு மதிப்பு. தினமும் காலையில், ஓடை போய்ச் சேரும் கீழ்க்குளத்திலிருந்து ஓர் அல்லி இலை நானே கொண்டுவந்து காட்டுகிறேன். இலை பச்சையாக இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. வாடியிருந்தால் அன்றைக்கே தோண்டுவதை நிறுத்திவிடலாம்."

துடுப்பி யோசித்தது. தலைவர் பக்கத்தில் இருந்தால் ஓடையைப் பற்றி அவர் காதில் போட்டுக்கொண்டே இருக்கலாம் அல்லவா? அது சரியென்றுதான் பட்டது. சபைப்பாறையில் உட்காரும் முதல் பீவர் என்ற நினைப்பும் உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

கீழ்க்குளத்து நீர்நாயிடம் விடைபெறப் போனது. நீர்நாய்க்கு அந்தக் கோடையில்தான் மூன்று குட்டிகள் பிறந்திருந்தன.

"அக்கா, பாறை தண்ணீரிலிருந்து ரொம்ப தூரமாயிற்றே" என்றது நீர்நாய்.

"தூரம்தான். ஆனால் அங்கிருந்து நான் ஒரு வார்த்தை சொன்னால் கரடிகள் தோண்டுவதையே நிறுத்திவிடும்."

"நீ சொன்னால் சரி, அக்கா. குட்டிகளை நான் தைரியமாகத் தண்ணீரில் விடுகிறேன். ஏதாவது என்றால் உன் வால் சத்தம் கேட்கும்."

துடுப்பி மேலே போயிற்று. பாறையின்மேல் காய்ந்த பாசியில் மெத்தை போட்டிருந்தார்கள். வேளாவேளைக்கு இளம் மரப்பட்டை வந்தது. போகிற வருகிற விலங்குகள் கும்பிட்டன. தினமும் காலையில் நரி அல்லி இலையோடு வந்து, "பச்சை, காவலரே" என்று காட்டிவிட்டுப் போயிற்று.

துடுப்பி சும்மா இருக்கவில்லை. குழியின் அணை இத்தனை உயரம் இருக்க வேண்டும், ஓடையிலிருந்து இத்தனை அடி தள்ளியிருக்க வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் சொன்னது. "அப்படியே ஆகட்டும்" என்றார் கரடியார். அணை கட்டி முடிந்தது என்று நரி வந்து சொன்னபோது, "உள்ளே கசிகிற சத்தம் கேட்கிறதா?" என்று துடுப்பி விசாரித்தது.

"காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை" என்றது நரி.

எந்தப் பீவரும் தன் காதை வைத்துக் கேட்காமல் ஓர் அணையை நல்ல அணை என்று சொல்லாது. துடுப்பி சொல்லிவிட்டது. இறங்கிப் போய்வர அரை நாள் ஆகும், வெயில் வேறு.

இலையுதிர் காலம் வந்தது. ஒரு குழி இரண்டாகி, இரண்டு நான்காகியிருந்தது. துடுப்பியின் வால் ஈரம் காணாமல் வறண்டு, ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் பாறையின் அடிவாரத்தில் நரி யாரையோ மறித்துப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. மழையில் உருவம் சரியாகத் தெரியவில்லை. நரி மட்டும் மேலே ஏறி வந்தது.

"யார் அது?" என்று கேட்டது துடுப்பி.

"நீர்நாய்தான். குட்டிகள் நன்றாக நீந்துகின்றனவாம், உங்களுக்கு நன்றி சொல்ல வந்ததாம். சபை நேரத்தில் தொந்தரவு வேண்டாமென்று அனுப்பிவிட்டேன். இதோ இன்றைய இலை. பச்சை."

இந்த மழையில் இவ்வளவு தூரம் ஏறி வந்தா நன்றி சொல்ல வேண்டும்? துடுப்பிக்கு மனசு ஒரு மாதிரியாக இருந்தது. மழையினால் அன்று மரப்பட்டையும் வந்து சேரவில்லை. பசி வயிற்றைக் கிள்ளியது. எதிரே கிடந்த அல்லி இலையை எடுத்துக் கடித்தது.

மென்ற வாய் அப்படியே நின்றது.

கீழ்க்குளத்து அல்லியைத் தின்றே வளர்ந்த வாய் அது. அந்தச் சேற்றின் ருசி அதற்குத் தெரியாதா? இது அந்த இலையே இல்லை. மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஏரியின் இலை.

"இதை எங்கே பறித்தாய்?" என்று கேட்டது துடுப்பி.

நரி சிரித்தது. "அல்லி எங்கே இருந்தால் என்ன, காவலரே? இலை பச்சையாக இருக்கிறதல்லவா?"

"நேற்றைய இலை? கோடையிலிருந்து நீ காட்டிய இலையெல்லாம்?"

நரி வேறு பக்கம் பார்த்தது.

என்ன செய்கிறோம் என்று நினைக்கும் முன்பே துடுப்பி வாலைத் தூக்கி ஓங்கி அறைந்தது. கெட்டிப் பாறையில் 'தப்' என்று ஒரு சத்தம் வந்தது. பழம் விழுந்தால்கூட அதைவிடப் பலமாகக் கேட்கும். மறுபடி அறைந்தது. மறுபடியும் 'தப்'. சபையில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. தூங்கிக்கொண்டிருந்த கரடியார் புரண்டு படுத்தார்.

தன்னை ஏன் இவ்வளவு மரியாதையோடு மேலே ஏற்றி வைத்தார்கள் என்று துடுப்பிக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவமானத்தில் அதன் காது சுட்டது. அழுவதற்கு நேரமில்லை. பாறையிலிருந்து சறுக்கி விழுந்து, எழுந்து, ஓடத் தொடங்கியது.

தரையில் பீவர் ஓடுவது பார்க்கச் சகிக்காது. குட்டைக் கால்கள், கனத்த உடம்பு. கல்லிலும் முள்ளிலும் உருண்டு புரண்டு மஞ்சள் மேட்டை அடைந்தபோது பகல் பாதி போயிருந்தது.

அணையைப் பார்த்தது. கட்டை இல்லை, கல் இல்லை. குழிகளைச் சுற்றி வெறும் மண்ணைக் குவித்திருந்தார்கள். அடியில் மஞ்சள் நீர் நூலாகக் கசிந்து ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. துடுப்பி மண்ணில் காதை வைத்தது. உள்ளே தண்ணீர் உறுமியது.

பக்கத்து மரத்தில் பல்லை வைத்தது. எந்தப் பீவரும் முதலில் அதைத்தான் செய்யும். ஒரே ஒரு கடி கடித்தது, நிறுத்திவிட்டது. இந்த மரத்தை அறுத்துத் தள்ளுவதற்குள் அணை உடைந்துவிடும். குட்டிகள் தண்ணீரில் இருக்கும். வால் சத்தம் கேட்கும் என்று நம்பித்தானே அவற்றை நீர்நாய் தண்ணீரில் விட்டிருக்கிறது.

துடுப்பி மறுபடி ஓடியது. குளக்கரையை எட்டும்போது பின்னால் மேட்டில் 'பொத்' என்று ஏதோ சரிந்தது.

குளத்தின் நடுவில் மூன்று சின்னத் தலைகள் தெரிந்தன. நீர்நாய் எதிர்க்கரையில் மீனோடு நின்றது. மூஸ் மானும் குட்டியும் இடுப்பளவுத் தண்ணீரில் மேய்ந்துகொண்டிருந்தன.

"வெளியே வாருங்கள்" என்று துடுப்பி கத்தியது. மழை இரைச்சலில் அதன் குரல் அதற்கே கேட்கவில்லை.

ஓடை வளைவில் மஞ்சள் நீர் திரும்பிவிட்டது. தண்ணீரில் இறங்கினால் அது தன் மேல்தான் முதலில் பாயும். துடுப்பிக்கு அது நன்றாகவே தெரிந்தது. குதித்தது.

வாலைத் தூக்கி அறைந்தது. விறைத்துப்போன வால் பக்கவாட்டில் சரிந்து 'சளக்' என்றது. குட்டிகள் விளையாட்டை விடவில்லை. மஞ்சள் நீர் அதன் முதுகைத் தொட்டது. எரிச்சலில் கண் இருண்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பின் பலத்தையெல்லாம் வாலுக்குக் கொண்டுவந்து, மீண்டும் அறைந்தது.

'பட்டீர்'.

மூன்று சின்னத் தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. மூஸ் மான் குட்டியை முட்டிக் கரையேற்றியது. நீர்நாய் பாய்ந்து வந்து கடைசிக் குட்டியைக் கழுத்தில் கவ்வி இழுத்தது. அதன் வால் நுனி தண்ணீரை விட்டு வரவும், குளம் முழுக்க மஞ்சளாகவும் சரியாக இருந்தது.

துடுப்பியை மூஸ் மான்தான் மூக்கால் தள்ளிக் கரை சேர்த்தது. வாலில் தோல் உரிந்திருந்தது. சற்று நேரத்தில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கத் தொடங்கின.

"மூன்று குட்டிகளும் இருக்கின்றன, அக்கா" என்றது நீர்நாய். "மீன்தான் ஒன்றுகூட இல்லை. ஓடையில் மஞ்சள் இழை தெரிகிறதே என்று கேட்க, ஐந்து நாளாக உன்னைப் பார்க்க ஏறி வந்தேன். அந்த நரி விடவில்லை."

துடுப்பியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மழை விட்ட பிறகு சபை கூடியது. இந்தத் தடவை குளக்கரையிலேயே கூடியது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நாக்கு வறண்டு வந்த கரடியார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

நரி மட்டும் வாயை மூடவில்லை. "எல்லாரும் என்னையே பார்க்கிறீர்களே. நான் இலைதான் கொண்டுவந்தேன். அணைக்கு அனுமதி கொடுத்தது யார்? அதைக் கேளுங்கள்."

"நான்தான் கொடுத்தேன்" என்றது துடுப்பி. "காதை வைத்துக் கேட்காமல் கொடுத்தேன். உன் பொய் உன்னுடையது. என் தப்பு என்னுடையது."

மூஸ் மான் கேட்டது: "குழிகளை மூட வேண்டும். உருப்படியாக ஓர் அணை கட்ட வேண்டும். காவலர் இல்லாமல் எப்படி? நீ மறுபடி பாறையில் உட்காருவாயா?"

"உட்காருகிறேன்" என்றது துடுப்பி. "அந்தப் பாறையை இங்கே உருட்டி வந்து ஓடையின் நடுவில் போடுங்கள்."

கரடிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கரடியார்தான் முதலில் தோள் கொடுத்தார். பாறையை உருட்டிக் கொண்டுவர அவர்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அந்தக் காட்டில் ஆற்றுக் காவலரின் இருக்கை இன்றைக்கும் ஓடைக்குள்தான் இருக்கிறது. வால் நனையாமல் அதில் யாரும் உட்கார முடியாது. காவலர் பதவி தனக்குக் கிடைக்குமா என்று நரி ஒரு தடவை வந்து பார்த்தது. காலை நனைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

நீதி: காக்கும் பொறுப்பை ஏற்றவர், காக்க வேண்டிய இடத்தை விட்டு உயரமான இருக்கைக்குப் போகக் கூடாது.