கூழைக்கடாவின் தம்பி எங்கே?

ஒரு காட்டில், காய்ச்சலில் கிடந்த விருந்தாளியை மிருகங்கள் விரட்டிவிட்டன. அதனால்தான் அந்தக் காடு கெட்டது.

அங்கே ஒரு பெரிய ஏரி இருந்தது. ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்கள். ஐப்பசி மழை பிடித்ததும் தூரதேசத்துப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து அந்த மரங்களில் இறங்கும். கூடு கட்டும், குஞ்சு பொரிக்கும், வெயில் ஏறியதும் கிளம்பிப் போகும்.

பறவைகளின் எச்சம் தண்ணீரில் விழும். ஏரிக்கு அதுதான் உரம். உரத்தால் பாசி வளரும், பாசியைத் தின்று மீன் பெருகும், மீனைத் தின்று நீர்நாய் பிழைக்கும். கரையோரம் புல் செழிக்கும். மானும் முயலும் அதை மேயும். விருந்தாளி வந்தால்தான் காட்டுக்குச் சோறு. இது அங்கே பால்குடிக்கிற குட்டிக்கும் தெரியும்.

ஆகவே உபசாரத்துக்குக் குறைவில்லை. குரங்குகள் கூடு கட்டச் சுள்ளி ஒடித்துப் போடும். நீர்நாய்கள் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடும். மயில் கரைமேல் ஆடும். யாரும் கேட்காவிட்டாலும் ஆடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கிளம்புகிற சமயத்தில் ஒரு பறவைக்கு உடம்பு முடியவில்லை என்றால், அதைக் காட்டின் பொறுப்பில் விட்டுவிட்டு மற்றவை போகும். ஏரி நடுவே ஒரு மண்மேடு. நோயாளி அங்கே கிடக்கும். மிருகங்கள் மீன் கொடுக்கும், காவல் இருக்கும், அடுத்த மழைக்குச் சொந்தக்காரர்களிடம் ஒப்படைக்கும். வேறெந்தக் காட்டிலும் இப்படிக் கிடையாது. அதை நம்பித்தான் பறவைகள் அத்தனை தூரம் வந்தன.

ஒரு வருஷம் இருமல் காய்ச்சல் வந்தது. எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. மான் இருமியது. குரங்கு இருமியது. ஒரு கிழ முயல் செத்துப்போனது. பறவைகள் பயந்து, வெயிலுக்கு முன்பே கிளம்பின. ஒரு கூழைக்கடாவால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. அதன் அக்காதான் கூட்டத்துக்குத் தலைவி. வழக்கப்படி மிருகங்களைக் கூப்பிட்டது.

"இவன் என் தம்பி. பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

அக்கா கண்ணுக்கு மறைகிற வரையில் எல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றன. மறைந்ததும் நரி ஆரம்பித்தது. காய்ச்சலைக் கொண்டுவந்ததே இந்தப் பறவைகள்தானாம். மேட்டில் இதை வைத்திருந்தால் தண்ணீர் கெட்டு எல்லாரும் சாக வேண்டியதுதானாம். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு மிருகமும் கேட்கவில்லை. கரைக்கு அந்தப்பக்கம் முள்காட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

யார் கொண்டுபோவது? மான் பின்னால் நகர்ந்தது. குரங்கு மரமேறிக்கொண்டது. நரிக்குத் திடீரென்று கால் வலித்தது.

காட்டுப்பன்றி ஒரு முரடு. எதையும் யோசித்துச் செய்கிற வழக்கம் அதற்கில்லை. தண்ணீரில் இறங்கிப் போய், நோயாளியை மூக்கால் தள்ளிக்கொண்டே கரையேற்றி, முள்ளுக்குள் விட்டது. பிறகு கிழங்கு தோண்டப் போய்விட்டது.

காய்ச்சல் அதற்காக நின்றுவிடவில்லை. அதன் பாட்டுக்கு இருந்தது, அதன் பாட்டுக்குப் போயிற்று.

அடுத்த மழைக்கு விருந்தாளி வரவில்லை. அதற்கடுத்த மழைக்கும் இல்லை. பறவைகளின் ஊர்களிலும் அதே காய்ச்சலாம். எச்சம் விழாததால் ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துபோனது. பார்க்க அழகுதான். உள்ளே மீன் இல்லை. கரையில் புல் கருகியது. நீர்நாயின் குட்டிகள் காலி நண்டு ஓட்டை நக்கிக்கொண்டு கிடந்தன.

காய்ச்சல் எல்லா ஊரிலும் ஓய்ந்ததென்று தகவல் வந்ததும் நரி கூட்டம் போட்டது. விருந்தாளிகளை மறுபடி வரவழைக்கத் தன்னிடம் யோசனை இருக்கிறது என்றது. தகைவிலான் குருவிகளைத் திசைக்கொன்றாக அனுப்ப வேண்டும். "எங்கள் காட்டில் காய்ச்சல் வரவே இல்லை" என்று அவை போகிற இடமெல்லாம் சொல்ல வேண்டும். கரை முழுக்கச் சரக்கொன்றைப் பூ பரப்ப வேண்டும். மயில் ஆட வேண்டும். மயிலுக்கு இதில் ஆட்சேபம் இருக்கவில்லை.

அந்த அக்கா வந்து தம்பியைக் கேட்டால் என்ன சொல்வது என்று நீர்நாய் இழுத்தது.

"குணமாகிப் பறந்து போய்விட்டார் என்று சொல்லுவோம். வழியில் அவருக்கு என்ன ஆனதோ, நமக்கென்ன தெரியும்?" என்றது நரி. பிறகு காட்டுப்பன்றியிடம் திரும்பியது. "அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். விருந்தாளிகள் இருக்கிற வரையில் நீங்கள் புதரை விட்டு வெளியே வர வேண்டாம். உங்கள் மூஞ்சியைப் பார்த்தால் மிரண்டுவிடுவார்கள்."

"அன்றைக்கு என் மூஞ்சிதான் எல்லாருக்கும் முன்னால் வேண்டியிருந்தது" என்றது பன்றி. ஆனாலும் போய்ப் புதருக்குள் படுத்துக்கொண்டது.

மழை பிடித்தது. கூழைக்கடாத் தலைவி வந்தது. கூட்டத்தை வெளியூரில் நிறுத்திவிட்டு, இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தனியாக வந்தது.

பூ பரப்பியிருந்தது. மயில் ஆடியது. நரி முன்னால் ஓடிப்போய்த் தாயே என்றது, தெய்வமே என்றது, நீங்கள் இல்லாமல் இந்த ஏரி தூங்கவே இல்லை என்றது. கூழைக்கடா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டது. மரங்களைச் சுற்றிப் பார்த்தது. மண்மேட்டில் இறங்கி நின்றது.

"என் தம்பி எங்கே?"

"அவரா? அப்போதே குணமாகிவிட்டார் தாயே. வடக்கே பறந்து போனார். என்ன கம்பீரமாகப் போனார் தெரியுமா?" என்றது நரி.

"உங்கள் காட்டில் காய்ச்சலே வரவில்லை என்று சொல்லி அனுப்பினீர்கள். அப்புறம் அவன் எதிலிருந்து குணமானான்?"

மயில் அவசரமாக இன்னொரு ஆட்டம் ஆரம்பித்தது. யாரும் பார்க்கவில்லை.

"வழியெல்லாம் ஏரிகளில் இறங்கிக் கேட்டுக்கொண்டு வந்தேன். எந்தக் காட்டிலும் காய்ச்சல் வரவில்லையாம். பிறகு எங்கள் கூட்டத்தில் பாதி எதில் செத்தது?" என்று சொல்லிவிட்டுக் கூழைக்கடா சிறகை விரித்தது.

நீர்நாய் ஓடிவந்து குறுக்கே நின்றது. குட்டிகளைப் பற்றி ஏதோ சொல்லப் பார்த்தது.

அப்போது புதர் அசைந்தது. காட்டுப்பன்றி வெளியே வந்தது. உள்ளே போங்கள் அண்ணே என்று நரி பல்லைக் கடித்தது. பன்றி காதில் வாங்கவில்லை. நேரே கூழைக்கடாவின் முன்னால் போய் நின்றது.

"உங்கள் தம்பி எங்கேயும் பறந்து போகவில்லை. நான்தான் தள்ளிக்கொண்டுபோய் முள்ளில் விட்டேன். இந்த மூக்கால்."

"நம்பாதீர்கள் தாயே, இது காய்ச்சலில் மூளை கலங்கிப்போய்..." என்று ஆரம்பித்த நரி, சொன்னது என்னவென்று புரிந்து பாதியிலே நிறுத்திக்கொண்டது.

கூழைக்கடா நரிப் பக்கம் திரும்பவே இல்லை. "அப்போது அவனுக்கு உயிர் இருந்ததா?" என்று பன்றியைக் கேட்டது.

"இருந்தது."

"ஏதாவது சொன்னானா?"



"தண்ணீர் கேட்டார். ஏரி பக்கத்தில்தான். வாயில் மொண்டு வந்திருக்கலாம். கரையேறி இறங்கச் சோம்பல்பட்டுக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் கொண்டுபோனேன். அவருக்குத் தேவைப்படவில்லை."

"யார் தள்ளச் சொன்னது?"

"எல்லாரும் சொன்னார்கள். அதை ஏன் இப்போது? தள்ளியது நான்."

கூழைக்கடா இடத்தைக் காட்டச் சொன்னது. பன்றி முன்னால் நடந்தது. முள்ளுக்குள் வெயிலில் வெளுத்த நீள அலகு ஒன்று கிடந்தது. கூழைக்கடா அதன் பக்கத்தில் வெகுநேரம் நின்றது. பிறகு எழும்பிப் பறந்தது.

அதற்கப்புறம் பன்றி பட்ட பாடு சொல்லி முடியாது. குரங்குகள் கல்லால் அடித்தன. உண்மையைச் சுட்டுத் தின்னலாமா, அவித்துத் தின்னலாமா என்று நரி கேட்டது. நீர்நாய் வந்து, "என் குட்டிக்கு ஏதாவது ஆனால் அது உன் தலையில்தான்" என்றது. பன்றி மண்மேட்டுக்குப் போய், அங்கே மண்டிக்கிடந்த முள்ளையும் களையையும் மூக்கால் தோண்டி எறிய ஆரம்பித்தது. இனி யாருக்காக என்று மிருகங்கள் சிரித்தன.

அந்த மழைக்கும் விருந்தாளி வரவில்லை. நீர்நாயின் கடைக்குட்டி அந்தக் கோடையைத் தாண்டவில்லை. பன்றி வாய் திறந்ததால் போனதா, ஆரம்பத்திலேயே எல்லாரும் சேர்ந்து கெடுத்ததால் போனதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.

மறு மழைக்குக் கூழைக்கடாக்கள் வந்தன. முன்பு போல வானத்தை மறைக்கிற கூட்டமில்லை. சின்னக் கூட்டம்தான். நடுவில் ஒரு இளம் பறவை தள்ளாடித் தள்ளாடிப் பறந்து வந்தது.

நரி மூச்சு வாங்க ஓடிப்போய், தன் அழைப்பை ஏற்று வந்ததற்கு நன்றி சொன்னது. தலைவி அதைத் தாண்டி மண்மேட்டுக்குப் போய்ப் பன்றியின் முன்னால் இறங்கியது.

"உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே" என்றது.

"நினைக்கவில்லை" என்றது பன்றி.

"இவளுக்கு உடம்பு சரியில்லை. எங்காவது விட்டுப்போக வேண்டும். மற்ற ஏரிகளில் கேட்டால், தங்களால் யாருக்கும் ஒரு கெடுதலும் நடந்ததில்லை என்கிறார்கள். செய்ததை என் முகத்தைப் பார்த்துச் சொன்னவன் நீ ஒருவன்தான். உன்னிடம் விடுகிறேன்."

பன்றி தலையை மட்டும் அசைத்தது.

அந்த இளம் பறவை பிழைத்தது. அந்தச் செய்தி பரவி, அடுத்தடுத்த மழைகளில் நாரை வந்தது, உள்ளான் வந்தது. ஏரி மெல்லப் பச்சை பிடித்தது. மீன் பெருகியது. பழைய அளவுக் கூட்டம் மட்டும் அந்தக் காட்டுக்குத் திரும்பவே இல்லை. நிறைய மரங்கள் வெறுமையாகவே நின்றன.

விருந்தாளிகளைத் திரும்ப வரவழைத்தது தன் யோசனைதான் என்று நரி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறது. தன் ஆட்டம்தான் என்கிறது மயில். வந்த பறவைகளைக் கேட்டால் அவை சொல்கிற பெயர் ஒன்றுதான். காட்டுப்பன்றி.

நீதி: செய்த தவறை மறைக்கிறவனை நம்பி யாரும் திரும்பி வருவதில்லை, ஒப்புக்கொள்கிறவனை நம்பிச் சிலராவது வருவார்கள்.