மிச்சமிருந்த செருப்புகள்

விபத்துப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற மாரிக்கண்ணுவுக்கு வாசலோரக் கட்டில் என்றால் உசுரு. வருகிறவரை முதலில் அதில் கிடத்தி, ரத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் மாடிக்கு ஏற்றுவார்கள். தலைமை டாக்டர் தணிகாசலம் ஏதோ புது ஆராய்ச்சியைப் படித்துவிட்டு, ஒரு மாதமாக எல்லாரையும் நேரே மாடிக்கு ஸ்கேனுக்கு அனுப்பினார். இன்றைக்குக் கட்டிலையே தூக்கச் சொல்லிவிட்டார். ரொம்பப் படித்தவர்தான். வாசலில் நின்றதில்லை, அவ்வளவுதான்.

"இந்த மாசம் ஸ்கேன் எடுத்த நூறு பேர்ல நாலு பேர்தான் செத்திருக்காங்க. ஆராய்ச்சியும் அதையேதான் சொல்லுது," என்றார். சின்ன டாக்டர்கள் பூம்பூம் மாடாகத் தலையாட்டினார்கள்.

"லிஃப்டுக்குக் காத்திருந்தப்பவே உசுரு போனவங்க, ஐயா?" என்று கேட்டாள் மாரிக்கண்ணு.

"ஸ்கேனே எடுக்காதவங்க கணக்குல எப்படிம்மா வருவாங்க? அப்படி யாரு போனா? காட்டு, கட்டிலை விட்டுடறேன்."

செத்தவரை எங்கே போய்க் கூட்டிவருவது? மாரிக்கண்ணு ஒரு சாக்கை இழுத்துவந்து கவிழ்த்தாள். அத்தனையும் செருப்பு.

"இந்த மாசம் ஸ்ட்ரெச்சர்ல ஏத்துறப்போ நான் கழட்டி வச்சது. பிழைச்சவங்களோடதை வீட்டாளுங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. செத்தவங்க செருப்பை யாரும் கேட்டு வர்றதில்ல. மிச்சம் பதினேழு ஜோடி. உங்க நாலு போக, பதிமூணு யாரோடது ஐயா?"

டாக்டர் குனிந்து தானே எண்ணினார். பிறகு, "கட்டிலைப் பழைய இடத்துலயே இறக்குங்க," என்றார்.

எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிப் போட்ட மாரிக்கண்ணு, அலமாரிக்கு அடியிலிருந்து இன்னொரு ஜோடியை எடுத்து, முந்தானையால் துடைத்துக் கட்டிலோரம் வைத்தாள்.

"அது யாருது?"

"அது கணக்குல வராதுங்க. இந்தக் கட்டில் போடறதுக்கு முந்தி வந்த எங்க வீட்டுக்காரரோடது. கேட்டு வந்தா குடுக்கணுமில்ல."