பன்றி பேச்சை விட்ட நாள்

அந்தக் காலத்தில், வீட்டு மிருகங்கள் மனிதரோடு மனிதராகப் பேசிக்கொண்டிருந்தபோது, குளிர் மிகுந்த இங்கிலாந்தில் ஓர் ஊர் இருந்தது. ஊரின் நடுவே ஆறு ஓடியது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் மேட்டுக்கரைக்காரர்கள், அந்தப் பக்கம் பள்ளக்கரைக்காரர்கள். கல்யாணம், சாவு, கோயில் எல்லாவற்றுக்கும் ஒன்றாகத்தான் நிற்பார்கள். ஆனால் எந்தக் கரை உசத்தி என்ற பேச்சு வந்துவிட்டால், கூடப் பிறந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்த மிருகத்தை அறுப்பதானாலும், அதை வளர்த்தவர் அதன் முன்னால் உட்கார்ந்து, இன்ன நாள், இன்ன இடம், இன்னார் கையால் என்று சொல்ல வேண்டும். அது "சரி" என்ற பிறகுதான் கத்தியை எடுக்கலாம். பெரும்பாலும் அவை சரி என்றுதான் சொல்லின. வயிறாரத் தின்றுவிட்டு, தெரிந்த கையால், இழுபறி இல்லாமல் போவதில் அவற்றுக்கு மனக்குறை இல்லை. மனிதர்கள் அவற்றுக்குக் கொடுத்த ஒரே வாக்கு அதுதான். அதைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை என்பதுதான் இந்தக் கதை.

ஒரு வருஷம் பனி விடாமல் கொட்டியது. ஆடு செத்தது, மாடு செத்தது. மாசி பிறந்தபோது ஊருக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு பன்றி. ஆற்றின் நடுத்திட்டில், பாலத்தை ஒட்டி, ஒரு மாவு மில் இருந்தது. தண்ணீர் வேகத்தில் சுற்றும் மில். அதை நடத்திய எடித் என்ற விதவைதான் அந்தப் பன்றியைக் குட்டியிலிருந்து வளர்த்தாள். அது அவளை அம்மா என்று கூப்பிடும்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை அதை அறுப்பது என்று ஊர் கூடி முடிவு செய்தது. அடுத்த நாற்பது நாளுக்கு இறைச்சி கிடையாது. கறியைச் சரிபாதியாகப் பிரிப்பதில் தகராறு இல்லை. தகராறு ரத்தத்தில்தான். கடைசி மிருகத்தின் ரத்தம் எந்தக் கரை மண்ணில் விழுகிறதோ, அந்தக் கரைக்குத்தான் அந்த வருஷம் விளைச்சல் என்று நம்பினார்கள்.

மேட்டுக்கரைக் கொல்லன் ஒஸ்வின் ஒரு கூடைத் தவிட்டோடு வந்தான்.

"எடித்தக்கா, எங்க கரையிலதான அறுக்கப்போறீங்க?"

"ஆமாம்ப்பா," என்றாள் எடித்.

நாலு நாள் கழித்துப் பள்ளக்கரைப் படகோட்டி வுல்ஸ்டன் காய்ந்த மீனோடு வந்து அதையே கேட்டான். அவனுக்கும் ஆமாம்ப்பாதான். ஏமாற்றும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லை, வந்தவன் மனம் கோணாமல் போகட்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை வரும்வரை இரண்டு பக்கமும் கூடை வந்தது. இரண்டு பக்கமும் ஆமாம் போனது.

முந்தின நாள் காலையில் எடித் பன்றியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நாளைக்குத்தான் கண்ணு. என் கையாலதான்."

"எந்தக் கரையில?"

எடித் வைக்கோலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஆமான்னுட்டியா?" என்றது பன்றி.

"ஆமா."

பன்றி தவிட்டிலிருந்து மூக்கை எடுத்தது. "எனக்கு எந்தக் கரையா இருந்தா என்ன. ஆனா யாரும் என்னைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. நானா நடந்து வர்றேன். அதுக்கு நீ பொறுப்பு."

"நான் பொறுப்பு."

"அப்ப சரி," என்றது பன்றி. மிச்சமிருந்த தவிட்டை நக்கித் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது.

மறுநாள் எடித் அதைப் பாலத்துக்கு அழைத்து வந்தாள். பாலத்தின் இரண்டு முனையிலும் அடுப்பு மூட்டியிருந்தார்கள். கொப்பரையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் கூட்டிட்டு வாங்கக்கா," என்றான் ஒஸ்வின்.

"எதுக்கு அந்தப் பக்கம்? வாக்கு எங்களுக்குல்ல குடுத்தாங்க?" என்றான் வுல்ஸ்டன்.

இரண்டு பேரும் எடித்தைப் பார்த்தார்கள். நான் இரண்டு பேரிடமும் பொய் சொன்னேன், இங்கேயே பாலத்தில் முடித்துவிடுகிறேன், என்று அவள் சொல்லியிருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

ஒஸ்வின் பன்றியின் காதைப் பிடித்தான். வுல்ஸ்டன் பின்னங்காலைப் பிடித்தான். அவர்களை இழுக்க இவர்கள், இவர்களை இழுக்க அவர்கள் என்று மொத்த ஊரும் வந்து விழுந்தது.

"விடுங்கப்பா, நான் நடந்தே வர்றேன்," என்றது பன்றி. "ஒஸ்வின், காது வலிக்குது. வுல்ஸ்டன், நான்தான் சரின்னு சொல்லிட்டேனே. எந்தப் பக்கம்னு ஒருத்தர் சொல்லுங்க, போயிடறேன்." அந்தக் கூச்சலில் ஒருவர் காதிலும் விழவில்லை. "அம்மா, நீயாவது சொல்லும்மா," என்றது. அது மட்டும் எடித்துக்குக் கேட்டது. அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. அவளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாலத்திலிருந்து சேற்றுக்கும், சேற்றிலிருந்து தண்ணீருக்கும் பன்றியை இழுத்தார்கள். முழுசாகக் கிடைக்காவிட்டால் ஒரு தொடையாவது கிடைக்கட்டும் என்று யாரோ ஒருவன் கத்தியை எடுத்து இறக்கினான். அப்போதுதான் பன்றி அலறியது. அந்த அலறலில் ஒரு சொல்லும் இல்லை. அதைக் கேட்டதும் அத்தனை கைகளும் ஒரு கணம் விட்டன. ஆனால் பன்றியிடம் அதற்குமேல் உயிர் இல்லை. பனி உருகிய வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. கூடவே கூட்டத்தில் வேறு இரண்டு ஆட்களையும் வெள்ளம் கொண்டுபோனது. எந்தக் கரை மண்ணிலும் ரத்தம் விழவில்லை.

மூன்றாம் நாள் மில்லின் மதகில் மிச்சம் மீதி வந்து சிக்கியது. மீன்கள் தின்றது போக எடித்துக்குக் கிடைத்தது மூத்திரப்பை ஒன்றுதான். அதைக் கழுவினாள், பந்துபோல ஊதினாள், கயிற்றால் கட்டினாள். செத்தவர்களைப் புதைத்துவிட்டு ஊர் பாலத்தடியில் நின்றபோது, மேலேயிருந்து பேசினாள்.

"பன்றியில மிச்சம் இதுதான். அன்னிக்கு நான் பேசாம அடக்குன மூச்சுதான் உள்ள இருக்கு. உங்களுக்கு இன்னும் வேணும்னா எடுத்துக்குங்க."

அவர்கள் வெட்கப்படுவார்கள் என்று நினைத்துத்தான் அதைக் கீழே எறிந்தாள். ஒருவரும் வெட்கப்படவில்லை. முதலில் ஒஸ்வின் ஓடினான், அவன் பின்னால் வுல்ஸ்டன். கொஞ்ச நேரத்தில் மொத்த ஊரும் தண்ணீரில் இறங்கி, அந்தப் பையை அவரவர் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் அங்கே சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

அடுத்த வருஷம் எடித், பக்கத்து ஊரில் வாங்கி வளர்த்த வேறொரு பன்றியின் முன்னால் உட்கார்ந்து, நாள், இடம், கை எல்லாவற்றையும் உண்மையாகவே சொன்னாள். அது பதில் பேசவில்லை. காத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக அதன் முதுகில் கை வைத்தாள். அது அலறியது.

அன்று முதல்தான் வருஷா வருஷம் அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு கரையும் விதி ஒன்றும் இல்லாமல் ஒரு பந்துக்காக ஆற்றில் விழுந்து புரள்கின்றன. அன்று முதல்தான் பன்றி, கத்தி கண்ணில் படும் முன்பே, ஒரு கை மேலே பட்டதும் அலறுகிறது. சொல்லிப் பார்த்தபோது ஒருவரும் விடவில்லை, அலறியபோதுதான் விட்டார்கள் என்பது அதற்கு இன்னும் மறக்கவில்லை.