மூன்று பேர் பிடிக்கும் ஸ்வரம்

"என்னால ஆகாது மாஸ்டர். வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

செல்லக்கனி யூபோனியத்தை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். சபை பேண்டில் அவள் மகன் ஊதிய பெரிய பித்தளை வாத்தியம் அது. அவன் போய் நாளையோடு ஒரு வருஷம். கல்லறையில் ஜெபம். பேண்டும் வருகிறது.

மகனுக்கு நானே ஊதுவேன் என்று சபை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். சொன்னதை மறக்கிற சபையா அது? இப்போது ஒத்திகையில் பாட்டின் கடைசி நீண்ட ஸ்வரம் அவளுக்குப் பாதியில் அறுந்துபோகிறது.

மாஸ்டர் ஜோயலுக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டான்.

"மத்தவங்கல்லாம் ஒரே மூச்சுல ஊதுதாங்க. எனக்கு மட்டும் மூச்சே இல்ல."

"ஆசீர் அண்ணன் வாயைப் பாருங்கக்கா."

ஆசீரும் பொன்னுத்துரையும் அதே ஸ்வரத்தைப் பிடித்தார்கள். தாழ்ந்த ஸ்வரம் ஊத பேண்டில் இவர்களும் அவளும்தான்.

பாதியில் ஆசீர் வாயை எடுத்தார். மூச்சை இழுத்தார். மறுபடி வைத்தார். ஸ்வரம் அறுந்துபோகவில்லை. கொஞ்சம் கழித்துப் பொன்னுத்துரை.

"அடப்பாவிகளா, ஏமாத்துதீங்களே!"

"ஆமா," என்றான் ஜோயல். "ஒருத்தர் எடுக்கும்போது இன்னொருத்தர் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது.

"எனக்கு மூச்சு முட்டல மாஸ்டர். அழுகை வருது. அது சொல்லிக்கிட்டா வருது?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஊதுனா அவன் எந்திரிச்சு வரப் போறதில்ல. ஊதாட்டாலும் வரப் போறதில்ல. பொறவு எதுக்கு இந்தப் பாடு?"

"தெரியலக்கா."

ஏதாவது ஆறுதல் சொல்வான் என்று நினைத்திருந்தாள். அந்தப் பதிலில் ஒடிந்துபோனாள்.

ஜோயல் குனிந்து வாத்தியத்தை எடுத்து அவள் மடியில் வைத்தான். கையை அசைத்தான்.

மூவரும் ஊதினார்கள். பாதியில் அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது. வாயை எடுத்து விம்மினாள்.

மற்ற இரண்டு பேரும் ஊதிக்கொண்டே இருந்தார்கள். ஆசீரின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கட்டியது. அவர் வாயை எடுக்கவில்லை.

"மாஸ்டர், அவரை நிறுத்தச் சொல்லுங்க!"

"அழுது முடிங்கக்கா," என்றான் ஜோயல். "நீங்க வாய் வச்சாத்தான் அவரு மூச்சு எடுப்பாரு."