துடுப்பில் கட்டிய சாரம்

"சாமி, என்ர தம்பி ஆருக்கு என்ன குறை செய்தவன்?"

கதிரமலை கொட்டில் வாசலிலேயே நின்று கேட்டான். சாமியைவிடப் பதினைந்து வயது மூத்த சீடன் அவன்.

சாமி உலை வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்தது எண்டு சொல்லும்."

"நவம் மூண்டு நாளாய்க் கரை திரும்பேல்லை. எஞ்சின் நிண்டு போச்சுப் போல. விடியத் தொழிலாலை வந்தவங்கள், கிழக்கை ஒரு வள்ளத்திலை துணி கண்டவங்களாம். கண்டிட்டுப் பேசாமல் வந்திட்டாங்கள்."

"கிட்டப் போகேல்லையோ?"

"போகேல்லை."

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கடலில் ஆபத்தென்றால் இடுப்புச் சாரத்தை அவிழ்த்துத் துடுப்பில் கட்டி உயர்த்துவார்கள். காண்கிறவன் வலையை அறுத்துவிட்டாவது போகவேண்டும். நாடு இரண்டாகி, சொந்தச் சனமே ஒன்றையொன்று சுடத் தொடங்கிய பிறகும், இரண்டு பக்கமும் அதை மட்டும் மீறவில்லை.

கதிரமலை மீறும் வரைக்கும்.

போன மாசியில் அவன் ஒரு சிறு வள்ளத்தில் தனியே போய்ச் சாரத்தை உயர்த்தினான். எதிர்ப்பக்கத்துப் பீரங்கிக் கப்பல், நாற்பது பேருடன், உதவிக்கு வந்து பக்கத்தில் அணைந்தது. வள்ளத்தில் வலைக்கு அடியில் வெடிமருந்து இருந்தது. அவன் மறுபக்கம் குதித்து நீந்தினான்.

பதினெட்டு அடி வள்ளம் ஒரு கப்பலை மூழ்கடித்தது என்று மேடை போட்டார்கள். மாலை போட்டார்கள். புது வள்ளம் ஒன்றும் கொடுத்தார்கள்.

"நீங்கள் வந்து ஒரு சொல் சொல்லுங்கோ, சாமி. நீங்கள் கேட்டால் தேடப் போவாங்கள்."

சாமி உலையை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

கரையில் நாலு பேர் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"துணி கண்டது உண்மையோ?"

"கண்டனாங்கள், சாமி," என்றான் செல்லக்கண்டு, தலை நிமிராமல்.

"ஏன் போகேல்லை?"

"எங்களுக்கும் பிள்ளையள் இருக்கு."

"அது என்ர தம்பியடா," என்றான் கதிரமலை.

"இருக்கலாம், அண்ணை. எதிர்ப்பக்கத்தவங்களும் உங்களிட்டை இதைப் படிச்சிருக்கலாம்."

மற்றொருவன் சொன்னான்: "மேடையிலை நாங்களும்தான் கை தட்டினனாங்கள். தட்டின கை இன்னும் நோகுது, சாமி."

அவன் மட்டும் சிரித்தான்.

கதிரமலை சாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாமி அவர்களை விட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"உம்மட வள்ளத்திலை எண்ணெய் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப தள்ளும். நானும் வாறன்."

கிழக்கே இரண்டு மணி நேரம் ஓடினார்கள். வெயில் ஏறிவிட்டது.

"அந்தா," என்றார் சாமி.

ஒரு நீல வள்ளம். அந்தக் கடலில் பாதி வள்ளங்கள் நீலம்தான். உள்ளே ஒருவன் குப்புறக் கிடந்தான். ஒரு கை மட்டும் துடுப்பைப் பிடித்திருந்தது. அதன் நுனியில் சாரம்.

கதிரமலை எழுந்து நின்று தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

துணி அசைந்தது. குரல் வரவில்லை.

கதிரமலை எஞ்சினை நிறுத்தினான்.

"ஏன் நிப்பாட்டினீர்?"

"வலை குவிஞ்சு கிடக்கு, சாமி. அடியிலை என்ன இருக்கெண்டு தெரியாது."

"தம்பியெண்டு சொன்னீர்."

"தம்பி மாதிரித்தான் கிடக்கு. முகம் தெரியேல்லை. எழும்பி ஒருக்கால் நிண்டானெண்டால்..."

"மூண்டு நாள் தண்ணியில்லாதவன் எழும்புவானோ?"

நீரோட்டம் இரண்டு வள்ளங்களையும் மெல்ல விலக்கியது.

துடுப்பு சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

சாமி எஞ்சினைத் தொடவில்லை.

"அண்டைக்கு அந்தக் கப்பல்காரன் எவ்வளவு தூரத்திலை நிப்பாட்டிப் பாத்தவன்?"

கதிரமலை சாய்ந்த துடுப்பைப் பார்த்தான்.

"நிப்பாட்டேல்லை, சாமி. ஏணியை இறக்கிக்கொண்டே வந்தவன்."