திரள் எப்படி இருக்கிறது?

சிவசைலத்துக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் குரு கிடைத்தார். குருவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

குருவின் பெயர் நஸீமா. வளசரவாக்கத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஸ்டுடியோ இருந்தது. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் தனித்தனியாகப் பதிந்து அனுப்புவதை ஒரே பாட்டாகச் சேர்த்துத் தருவது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். அவர் 'சரி' என்று சொல்லிவிட்ட பாட்டில் அதற்கப்புறம் யாரும் கைவைப்பதில்லை.

சிவசைலம் திருநெல்வேலிக்காரர். கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவர். மேடையில் வாசித்தது போதும், இனி உட்கார்ந்து கேட்கக் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றவே நஸீமாவிடம் வந்து சேர்ந்தார். நஸீமா இவரை அண்ணே என்றார். இவர் அவரை மேடம் என்றார். யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று வருபவர்கள் குழம்புவார்கள். இவர்கள் இருவருக்கும் அந்தக் குழப்பம் வந்ததில்லை.

சிவசைலத்தின் ஒரே மகள் பைரவி கோவையில் இருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, தோழி ஒருத்தியோடு சேர்ந்து ஒரு பிளக்-இன் செய்துகொண்டிருந்தாள். ஒலிப்பதிவு செய்கிற கணினியில் பொருத்திக்கொள்ளும் சின்ன மென்பொருள் அது. ஒரு குரலைக் கொடுத்தால் அதன் நகல்களை இம்மியளவு பிந்த வைத்து, சுருதியைத் துளி அசைத்து, அசல் குரலோடு கலந்துவிடும். ஒருவர் பாடியது பலர் பாடியதுபோல் கேட்கும். கோரஸ் என்று சொல்வார்கள். பைரவி தன்னுடையதற்குத் 'திரள்' என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒருநாள் அவளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, வர்ற வெள்ளிக்கிழமை வெளியிடுதோம். அதுக்கு முன்னாடி மேடம் ஒரு தடவ கேட்டுச் சொல்லணும். அவங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டா போதும்ப்பா, எங்களுக்கு வேற எதுவும் வேண்டாம்."

சிவசைலம் போய் நஸீமாவிடம் சொன்னார்.

"நீங்களே சோதிச்சுப் பாருங்க அண்ணே" என்றார் நஸீமா.

"நான் அவளோட அப்பா மேடம்."

"தெரியும்."

"நான் சொல்றது எடுபடுமா?"

"முதல்ல கேட்டுட்டு வாங்க."

பக்கத்து அறையில் இருந்த கணினியில் சிவசைலம் திரளைப் பொருத்தினார். திரையில் மூன்று திருகுகள் தெரிந்தன. வேகம், ஆழம், அகலம் என்று மகள் தமிழிலேயே எழுதியிருந்தாள். அதைப் பார்த்ததுமே அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒரு கிடாருக்குப் போட்டுப் பார்த்தார். தன் கீபோர்டுக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு, பாடகி ஒருத்தி பயிற்சிக்காகப் பாடி வைத்துவிட்டுப் போயிருந்த குரலுக்குப் போட்டு, அகலத்தைக் கடைசிவரை திருகினார். குரல் இரண்டு ஸ்பீக்கர்களையும் தாண்டிச் சுவர்களுக்கு அப்பால் போயிற்று. அவருக்குக் கண் கலங்கியது.

உடனே எழுந்து வெளியே வந்தார்.

"அருமையா இருக்கு மேடம்."

"என்ன அருமை?"

"ஒருத்தி பாடினது ஒரு கூட்டமே பாடுற மாதிரி விரியுது. உயிரோட இருக்கு."

நஸீமா தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. திரையைப் பாக்க வேணாம், இந்தப் பக்கம் சுவரைப் பாத்து உக்காருங்க."

சிவசைலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பின்னால் அதே பாடகியின் குரல் ஒலித்தது. ஒரு வரி முடிந்ததும் நின்றது.

"இது முதலாவது. இப்போ ரெண்டாவது."

அதே வரி மறுபடியும் ஒலித்தது.

"எதுல திரள் இருக்கு?"

"ரெண்டாவதுல. இதுல என்ன சந்தேகம்? நல்லா விரிஞ்சு வருது. உயிர் இருக்கு."

"திரும்புங்க."

சிவசைலம் திரும்பித் திரையைப் பார்த்தார். ஒரே குரல் இரண்டு முறை வரிசையாக இருந்தது. திரள் எங்கேயும் இல்லை.

"திரளைப் போடவே இல்லையே?"

"இல்லை. ரெண்டுமே வெறுங்குரல்தான். ரெண்டாவதைக் கொஞ்சம் சத்தமா வெச்சேன்."

"இது ஏமாத்து வேலை மேடம்."

"சத்தத்தைத்தான் நான் ஏத்தினேன் அண்ணே. உயிரை ஏத்தினது நீங்க."

சிவசைலம் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மடல் சுட்டது. மேடையில் எங்கோ ஒரு மூலையில் ஒரு தந்தி சுருதியில் துளி இறங்கினாலும் கண்டுபிடித்துவிடுபவர் என்று பேர் வாங்கியவர் அவர். அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை. பாதி பொட்டலத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஸ்டுடியோ திறக்குமுன்பே படிக்கட்டில் வந்து நின்றார்.

நஸீமா பூட்டைத் திறக்கும்போது சிவசைலம் கேட்டார்.

"எப்படிக் கேக்கணும் மேடம்?"

"சத்தத்தைச் சமமா வைங்க. பிடிச்சிருக்கான்னு கேக்காதீங்க, என்ன மாறுதுன்னு கேளுங்க." சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "அப்புறம், ஸ்பீக்கருக்கு முன்னாடி இருக்கிற அந்த ஒரு நாற்காலியிலேயே உக்காந்திருக்காதீங்க. பாட்டு கேக்குறவங்க யாரும் அதுல உக்காந்து கேக்கப்போறதில்லை."

சத்தத்தைச் சமமாக்கியதும் முந்தின நாள் அதிசயம் பாதியாக வற்றிவிட்டது. சிவசைலம் பயந்துபோனார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. திரளைப் போட்டு எடுத்தார், எடுத்துப் போட்டார். மெல்ல மெல்ல, மிச்சம் இருந்தது என்னவென்று அவருக்குப் புலப்பட்டது. கீபோர்டில் ஆழத்தைக் குறைத்து வைத்தால், தனியாக நின்ற ஸ்வரத்துக்குத் துணையாகப் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றதுபோல் இருந்தது. இது நிஜம், இதை நான் ஏற்றவில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சந்தோஷமாக டீக்கடைக்குப் போனார்.

போகும்போது, அகலத்தை முழுதாக வைத்த அந்தப் பெண்குரலைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். பழைய போன். ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். டீ வருவதற்குள் அதைப் போட்டுக் கேட்டார்.

பாடகி ஒரு சொல்லை நீட்டுகிற இடத்தில் குரல் உள்வாங்கியது. பானைக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகி, தேய்ந்து, திரும்பி வந்து, மறுபடி தேய்ந்தது.

கடைச் சத்தமாக இருக்கும் என்று நினைத்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, ஸ்டுடியோ மாடிப்படிக்குள் வந்து நின்று மறுபடி போட்டார். அப்படியேதான் இருந்தது. திரள் இல்லாத குரலைப் போட்டார். அதே போனில் அது ஒழுங்காகக் கேட்டது. மேலே போனார். இரண்டு ஸ்பீக்கர்களுக்குப் போவதை ஒன்றாகக் கலந்து கேட்க அங்கே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினார். அவ்வளவு பெரிய குரல் அப்படியே கூனிக் குறுகிற்று. இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்கும்வரை அழகாக இருந்த நகல்கள், ஒரே இடத்தில் சேர்ந்ததும் அசல் குரலையே அரித்துக்கொண்டிருந்தன. அகலத்தைத் திருகத் திருக அது கூடியது. அவர் கண்கலங்கிக் கேட்ட இடம்தான் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது.

அன்றைக்கு வியாழக்கிழமை. சாயங்காலம் மகளிடமிருந்து செய்தி வந்தது. 'மேடம் என்னப்பா சொன்னாங்க?'

சிவசைலம் போனைக் கையில் வைத்துக்கொண்டே நஸீமாவிடம் போனார்.

"குறை ஒண்ணு இருக்கு மேடம்."

"சரி."

"சின்னக் குறை இல்லை."

"சரி."

"அதை நீங்க சொன்னா நல்லாருக்கும். நான் சொன்னா ரொம்ப வருத்தப்படுவா."

"நான் சொன்னா?"

"வருத்தப்படுவா. ஆனா தாங்கிக்குவா. அவளுக்கு இப்போ நாலு பக்கமும் நெருக்கடி. பெத்த அப்பனும் இதைச் சொல்லணுமா?"

நஸீமா போட்டிருந்த பாட்டை நிறுத்தினார். ஏசியை அணைத்தார். துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கீழ போய்ட்டு வர்றேன்" என்று சொல்லி, கனத்த கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

வெளிச்சத்தம் நுழையாதபடி கட்டிய அறை அது. சிவசைலத்துக்குத் தன் மூச்சு கேட்டது. 'ரொம்ப நல்லாருக்கும்மா' என்று தட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, மேடம் கேட்டாங்களா?"

"நான் கேட்டேன்."

"சொல்லுங்கப்பா."

"கீபோர்டுல கொஞ்சமா வச்சா ரொம்ப அழகா இருக்கு. அது பொய்யில்ல. நல்லாச் சோதிச்சுட்டுத்தான் சொல்லுதேன்."

"ம்."

"குரல்ல அகலத்தை முழுசா வச்சு, ஒத்த ஸ்பீக்கர்ல கேட்டா, நீட்டிப் பாடுத இடத்துல குரல் உள்ள போயிருது. பானைக்குள்ள இருந்து பாடுத மாதிரி இருக்கு. பாதி ஜனம் போன்லதான் கேக்கும். நாளைக்கு வெளியிட வேண்டாம்மா."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறவில்லை.

"எனக்கு முதல்லயே சந்தேகமா இருந்துச்சுப்பா" என்றாள் பைரவி. "எத்தனையோ பேருக்கு அனுப்பினேன். எல்லாருமே சூப்பரா இருக்குன்னாங்க. எல்லாரும் ஒண்ணு போலச் சொல்லவும், என் காதுதான் சரியில்ல போலன்னு விட்டுட்டேன்."

"உன் காதுல ஒரு கோளாறும் இல்ல."

அவள் அழுவது கேட்டது. சிவசைலம் அதை நிறுத்தப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளே கேட்டாள்.

"வேகம் எவ்வளவு வச்சிருந்தீங்க?"

சொன்னார்.

"ஆழம்?"

அதையும் சொன்னார். எந்தச் சொல்லில் தேய்கிறது, எங்கே திரும்பி வருகிறது, எவ்வளவு திருகும்போது தொடங்குகிறது என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்பாவும் மகளும் அவ்வளவு நேரம் பேசி வெகு காலம் ஆகியிருந்தது.

"சரி பண்ணி அனுப்புதேன். திரும்பக் கேப்பீங்களா?"

"கேப்பேன்."

வெள்ளிக்கிழமை திரள் வெளிவரவில்லை. கூட இருந்த தோழி கோபித்துக்கொண்டு இரண்டொரு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பைரவி பிறகு சொன்னாள். அந்த வார்த்தை சிவசைலத்தை உறுத்தத்தான் செய்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் சண்டை போட்டிருக்க மாட்டார்களே என்றுகூட நினைத்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது புதிய திரள் வந்தது. சிவசைலம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார், கதவுக்கு வெளியே நின்று கேட்டார், போனில் கேட்டார், பஸ்ஸில் போகும்போது கேட்டார். ஒரே ஸ்பீக்கரில் இப்போது நகல்கள் ஒதுங்கி வழிவிட்டன. நீட்டிப் பாடிய சொல் முழுதாக நின்றது. வேகத்தைக் கூட்டினால் மட்டும் ஓர் இடத்தில் இன்னும் லேசாக ஆடியது. அதை மகளிடம் சொன்னார். 'நானும் அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்' என்றாள் அவள்.

அன்றைக்கு வேலை முடிந்து நஸீமா கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சிவசைலம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அந்தக் குறை முதல் நாளே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் என்னைக் கேக்க விட்டீங்க. அப்படித்தானே?"

"தெரியாது அண்ணே."

"தெரியாதா?"

"நான் இன்னைக்கு வரைக்கும் திரளைத் திறந்துகூடப் பாக்கல."

சிவசைலம் கம்பியை விட்டுவிட்டார்.

"அப்போ எதை வெச்சு அன்னைக்கு என்னைச் சுவரைப் பாத்து உக்கார வெச்சீங்க?"

நஸீமா கீழே கிடந்த முனையை எடுத்து, சுருட்டி முடித்து, ஆணியில் மாட்டினார். பிறகு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் கேட்டது பைரவியோட அப்பா. சிவசைலம் எப்போ கேப்பாருன்னு காத்துக்கிட்டிருந்தேன். இப்போ திறங்க, நானும் கேக்கறேன்."